கிணற்றுக்கும் குழிக்கும் இடையில்

எங்கள் வீட்டின் மலசலகூடம், அடுப்படிக் கதவிலிருந்து எழுபது அடி தூரத்தில், வளவின் தென்மேற்கு மூலையில் நிற்கிறது. அப்பா அதனை 1984ஆம் ஆண்டிற் கட்டினார். கிணறு வடகிழக்கிலே, மலசலகூடம் தென்மேற்கிலே. சாத்திரம் அறிந்தோர் இதற்கு ஒரு விளக்கம் சொல்வர். சுகாதாரம் அறிந்தோர் வேறொரு விளக்கம் சொல்வர். இரு சாராரும் முரண்படாத ஓரிடம் எங்கள் வளவில் இருந்தது ஒரு பாக்கியமே. ஆனால் அப்பா அதைக் கட்டியபொழுது அம்மாவுக்கு வயது முப்பது. இன்று எழுபத்திரண்டு.

அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. குந்தினால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். மாரியில் அந்த எழுபது அடியும் சேறும் பாசியுமாகிவிடும். ஒரு கையில் குடை, மறு கையில் ரோச் லைற், ஊன்றுகோலுக்குக் கையில்லை. இதற்கு அம்மா தாமே ஒரு பரிகாரம் கண்டிருந்தார். மாலை ஆறு மணிக்குப் பின்னர் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரை விழுங்குவதற்குக்கூட ஒரு மிடறுதான். இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. செம்பிலே வைத்த தண்ணீர் காலையில் அப்படியே இருப்பதைக் கண்டு நானாகவே அறிந்துகொண்டேன்.

அறிந்துகொண்டபொழுது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. நான் கற்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவிகள் காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர்ப் போத்தல்களை மாலையில் நிறைந்தபடியே திருப்பிக்கொண்டு போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், நனைந்த தரை என்பனவே காரணம். 'தாகமில்லை ரீச்சர்' என்று சொல்வார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபொழுது, இருட்டும்வரை காத்திருந்த பெண்களில் ஒருத்தியாக அம்மா இருந்தார். அதைப்பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. உடலின் அவசரத்தை அடக்கிவைக்கும் கல்வியை நமது சமுதாயம் பெண்ணுக்குப் பாடசாலையிலும் புகட்டுகிறது, அகதி வாழ்விலும் புகட்டுகிறது, முதுமையிலும் விட்டுவிடுவதில்லை.

அம்மாவின் அறையோடு ஒட்டி ஒரு குளியலறை இருக்கிறது. 2003இல், போர்நிறுத்தக் காலத்தில், கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய பணத்திற் கட்டியது. அதிலே குளிக்கலாம், வேறெதுவும் செய்தலாகாது. சாமியறையும் அடுப்படியும் உள்ள கூரைக்குக் கீழே மலசலகூடம் அமைவதை அம்மா அன்று ஒப்பவில்லை. அவ்வறையைத் திருத்திக் கொமட் ஒன்று பொருத்துவதென்றும், கதவை அகலமாக்கி வெளிப்புறம் திறக்கும்படி மாற்றுவதென்றும், கைபிடிச் சட்டங்கள் இடுவதென்றும் இவ்வாண்டு தீர்மானித்தோம். கதவு வெளிப்புறம் திறத்தல் முக்கியமானது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். அம்மாவின் சம்மதத்தைப் பெறுவதற்கு மூன்று கிழமை சென்றது. கடைசியில் அவரே, "சாமிக்கு எல்லாம் தெரியும்தானே, பிள்ளை" என்றார். என் வாதங்கள் எதுவும் சாதியாததை அந்த ஒரு வாக்கியம் சாதித்தது.

மேசனார் வந்தார். எங்கள் ஊரிற் பாதி வீடுகள் அவர் கைபட்டவை. அளவுநாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் அறைக்குப் பின்புறம் வடக்கு வேலியோரமாக ஓரிடத்தைக் காலாற் கீறிக் காட்டினார்.

"இதிலை ஒரு ஒன்பதடி தாட்டுச் சுத்திவரக் கல்லடுக்கி, மேலை கொங்கிறீற் மூடி ஒண்டு போட்டால் காணும் ரீச்சர். அடி போடத் தேவையில்லை. எங்கட கல்லு எல்லாத்தையும் குடிச்சிடும். நான் கட்டின குழியள் இருபத்தைஞ்சு வரியமா ஒருக்காலும் நிரம்பினதில்லை."

இதனை அவர் பெருமையாகவே சொன்னார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. நிரம்பாத குழி என்பது எமது ஊரிலே கட்டியவனுக்குக் கிடைக்கும் நற்சான்றிதழ். நிரம்பவில்லையாயின் உள்ளே போனது எங்கே போயிற்று என்று கேட்பவர் இல்லை. அவர் கீறிய இடத்திலிருந்து எங்கள் கிணற்றை அளந்தோம்: 66 அடி. சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்லும் 50 அடிக்கு மேலாகவே இருந்தது. வேலிக்கு மேலாக நாடாவை நீட்டி அயலாரின் கிணற்றை அளந்தேன். 23 அடி.

"அது அவையின்ர கிணறெல்லோ" என்றார் மேசனார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு கண்ணாடி வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. அந்த வில்லையைத்தான் நாம் குடிக்கிறோம், அதனைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைச் சிறுவயதில் அதிசயமாகக் கேட்டிருக்கிறோம். உண்மையில் அது குடாநாடு முழுவதற்குமான ஒரு மாதிரிப் படம். கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறுவதும் இதே கதைதான். நீர் கல்லுக்குள்ளே தேங்கி நிற்பதில்லை; வழி தேடிக் கடலை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது.

மணல்நிலத்தில் ஐம்பது அடி என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மணல் வடிகட்டும், அங்குள்ள நுண்ணுயிர்கள் கிருமிகளைத் தின்னும். வெடித்த சுண்ணாம்புக் கல்லில் அந்த வேலைக்கு நேரமே இல்லை. ஒரு வெடிப்பு வாய்த்துவிட்டால் ஐம்பது அடியை நீர் எவ்வளவு விரைவிற் கடக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. கிருமிகளாவது நீரைக் கொதிக்கவைத்தால் இறந்துவிடும். மலசலக் கழிவிலிருந்து உருவாகும் நைத்திரேற்று அப்படியன்று. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டிற் பலவுண்டு என்பதை 1980கள் முதலே ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். புட்டிப்பாலைத் தண்ணீரிற் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கே இதனால் ஆபத்து அதிகம். அதன் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். பழி முழுவதும் வெங்காயத் தோட்டத்துக்கு யூரியா எறியும் கமக்காரனையே சாரும் என்று சொல்வது படித்தவர்களான எங்களுக்கு வசதியாக இருக்கிறது. கமக்காரனுக்குப் பங்குண்டு. எங்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்குப் பின்னாலுள்ள அடியில்லாக் குழிக்கும் பங்குண்டு.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிட வேண்டும். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் நின்றுபோக, தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டிலே திறக்கப்பட்டது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் வானம் இலவசமாகத் தந்த நீருக்குள் நாம் மலத்தைக் கரைத்துவிட்டு, கடலின் உப்பைக் கடன்பட்டுப் பிரித்தெடுக்கிறோம். இப்பொருளாதாரம் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு அந்தக் குழாய் இன்னும் வந்து சேரவுமில்லை.

இனி, அந்த 23 அடிக் கிணற்றைப்பற்றி.

வடக்கு வேலிக்கு அப்பாலுள்ள குடும்பத்துக்கு ஒருகாலத்தில் கிணறு இருக்கவில்லை. எங்கள் பேரனார் காலத்தில் அவர்கள் எங்கள் கிணற்றடிக்கு வருவார்கள். வருவார்கள் என்பதன் பொருள், குடத்தோடு வந்து எட்ட நிற்பார்கள் என்பதே. துலாவைத் தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. எங்கள் வீட்டார் எவரேனும் மனம்வைத்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் எங்கள் கிணற்றடிவரை வந்து சேரவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் வந்து சேர்ந்தன. அவற்றிலே அந்த வீட்டுப் பெரியவர் கலந்துகொண்டார் என்று அறிவேன். 1969இல் அவரும் அவருடைய சகோதரர் இருவருமாகத் தங்கள் வளவிலேயே கல்லுடைத்துக் கிணறு வெட்டினார்கள். அலவாங்கும் சம்மட்டியுமாக, கூலிவேலைக்குப் போய்வந்த பின்னர் மாலைவேளைகளில் மட்டும் உடைத்ததால் ஏறத்தாழ ஓராண்டு பிடித்ததாம். டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். அப்பெயரை உயர்தர வகுப்பிற் சொல்லும்பொழுதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கிணறுதான்.

அக்கிணற்றிலிருந்து 23 அடியில் எங்கள் வீட்டின் குழி. சட்டப்படி ஒரு தவறு, சுகாதாரப்படி ஒரு தவறு என்று இதனைக் கணக்கிட்டு முடித்துவிடலாம். எட்ட நிற்கவைத்துத் தண்ணீரை மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் தாமே வெட்டிய தண்ணீருக்குள் இறங்கப் போகிறார்கள் என்பதை எந்தக் கணக்கிற் சேர்ப்பது?

தமிழ் படிப்பிப்பவள் என்றபடியால் ஒரு சிறிய விலகலுக்கு வாசகர்கள் இடந்தர வேண்டும். நன்னூலார் தகுதி வழக்கின் மூன்று வகையுள் முதலாவதாக இடக்கரடக்கலைக் கூறுவர். அவையிற் சொல்லத்தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்லுதல். 'கால் கழுவி வந்தான்' என்பதைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், ஒதுங்குதல் என்று மாணவர்களும் உதாரணம் சொல்லிச் சிரிப்பார்கள். நாகரிகம்தான், மறுக்கவில்லை. ஆயினும் சொல்லை மறைத்த மொழி அந்தச் சொல்லோடு சேர்த்து ஒரு மனிதனையும் மறைத்துவிட்டது. வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில் விடியுமுன்னர் பின்படலையால் வந்து வாளியை எடுத்துப் போனவர்கள் யார்? ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தொழிலுக்கென்றே தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்; அவர்களின் சந்ததியினர் இன்னும் நமது நகரங்களின் குப்பையை அள்ளுகின்றனர். தகழி சிவசங்கரப்பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழாக்கினார். ஆலப்புழையின் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. யாழ்ப்பாணத்துத் தோட்டியின் மகனைப்பற்றி எங்களில் எத்தனைபேர் எழுதினோம்?

இது விலகல்போலத் தோன்றினும் விலகலன்று. அடியிட்ட, நீர்கசியாத தொட்டியொன்றைக் கட்டினால் அது ஒருநாள் நிரம்பும். நிரம்பினால் பவுசர் வரவேண்டும். பவுசரோடு மனிதர் வரவேண்டும். நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி யாழ்ப்பாணத்துக்கு இல்லை. அடியில்லாக் குழியை நாம் விரும்புவதன் இரகசியங்களுள் ஒன்று, அந்த மனிதர்களை நாம் அழைக்கவோ, பார்க்கவோ, கூலி பேசவோ வேண்டியதில்லை என்பதே. ஆகவே தொட்டியை வைக்கும் இடத்தை முடிவுசெய்யுமுன்னர் பவுசரின் குழாய் எட்டும் தூரத்தைப் பார்த்தேன். வீட்டின் பின்னே வைத்தால் ஒருவர் குழாயைத் தோளிற் சுமந்து அடுப்படியைச் சுற்றி வரவேண்டியிருக்கும். மேற்கு ஒழுங்கையோரமாக வைத்தால் வாகனம் அருகிலே நிற்கும். அவ்விடம் இரு கிணறுகளுக்கும் தூரம். எங்களுடையதற்கு 90 அடிக்கு மேல், அவர்களுடையதற்கு 58.

இடம் கிடைத்தது, சிக்கலும் கூடவே வந்தது. குளியலறையிலிருந்து ஒழுங்கையோரம் வரை அறுபது அடி. மலக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுப்பது வழக்கம். அறுபது அடிக்குப் பதினைந்து அங்குலம். எங்கள் வளவிலே ஓரடி தோண்டினாற் கல். குழாயைத் தாழ்த்துவதென்றால் கல்லை உடைக்க வேண்டும். அல்லது குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். தரையை உயர்த்தினால் படி வரும். படி ஏறமாட்டாத ஒருவருக்காகத்தானே இத்தனையும்! ஆகவே கல்லை உடைப்பது. மேசனார் தலையைச் சொறிந்தார். இரண்டு ஆள், ஐந்து நாள், உடைக்கும் இயந்திரத்துக்கு வாடகை வேறு.

பணம் எங்கிருந்து வரும்? ஆசிரியச் சம்பளத்தின்மேல் எடுத்த கடன் ஒன்று. அதற்குள் எதை விடுவது என்று ஒரு தாளை எடுத்துவைத்து அடித்துக்கொண்டு வந்தேன். தம்பி கனடாவிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தான். சுவர் முழுவதும் பளிங்குபோல் தரையோடு, கண்ணாடிக் கதவு, படுத்துக் குளிக்கும் தொட்டி. "அக்கா, செய்யிறதை வடிவாச் செய்யுங்கோ. நான் அனுப்புறன்" என்று அன்போடுதான் சொன்னான். ஆனால் எங்கள் ஊரிலே வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த மாடிவீடுகளை நான் பார்க்கிறேன். அறைக்கொன்றாக நான்கு குளியலறை. குடியிருப்போர் முதியவர் இருவர். நான்கினுள் மூன்றிலே குழாயைத் திறந்தால் முதலிற் துருநீர் வருகிறது. நான்கிற்கும் சேர்த்து நிலத்தடியில் ஒரே அடியில்லாக் குழி. 2022இலே சீமெந்து மூடை 3000 ரூபாவைத் தொட்டபொழுது பாதியில் நின்றுபோன வீடுகளிற்கூடச் சுவருக்கு ஒட்டும் தரையோடு முதலில் வந்து இறங்கியிருந்தது. மேலே தெரிவதற்குச் செலவிடுவோம், கீழே புதைவதற்குச் செலவிடமாட்டோம்.

சுவரோட்டை நான்கு அடி உயரத்தோடு நிறுத்தினேன். மேலே சீமெந்துப் பூச்சும் வெள்ளையும் போதும். தரைக்கு வழுக்காத கரடுமுரடான ஓடு. மூன்று லீற்றர், ஆறு லீற்றர் என இரண்டு அளவில் நீர் விடும் தொட்டி. தம்பியின் பணத்தைக் கல்லுடைக்கக் கேட்டபொழுது சற்றுநேரம் பேசாமலிருந்தான். "ஒருத்தரும் பாக்காத இடத்துக்கோ அக்கா?" என்றான். அடுத்த கிழமை அனுப்பினான்.

குளிக்கும் நீர் முன்போலவே வாழைக்குப் போகும். தொட்டியிலிருந்து வழியும் நீருக்கு, அடியும் பக்கமும் சீமெந்திட்ட ஒரு பாத்தி வெட்டிச் சரளைக்கல் நிரப்பி, கல்வாழையும் புல்லும் நட எண்ணுகிறேன். வேர் குடித்து, வெயில் குடித்து, மிச்சம் குறையும். கார்த்திகை அடைமழையில் அது நிரம்பி வழியக்கூடும் என்பதை மறைக்கவில்லை. அதற்கு மேலே ஒரு தகரக்கூரை போடலாமா என்று மேசனாரும் நானும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் இப்போது இதிலே என்னைவிட உற்சாகமாக இருக்கிறார்.

இவ்வளவையும் திட்டமிட்ட பின்னர் வேலிக்கு அப்பால் போய்ச் சொன்னேன். அந்த வீட்டு அக்கா வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தார். உங்கள் கிணற்றுக்குப் பாதகமில்லாமல் மேற்கே வைக்கிறோம் என்று விளக்கினேன். என் குரலிலே ஏதோ ஒரு கொடையாளியின் தொனி இருந்திருக்க வேண்டும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, வெங்காயத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"எங்கட குழி உங்கட கிணத்துக்கு எவ்வளவு தூரம் எண்டு அளந்தனீங்களோ ரீச்சர்?"

அளந்திருக்கவில்லை. அவருடைய மகன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையை எங்கள் கிணற்றுக்கட்டில் வைத்தேன். 31 அடி. அவர்களுடையதும் அடியில்லாக் குழி. வீடமைப்புக் கடனில் வீடு கட்டியபொழுது பணம் மட்டுப்பட்டுப்போக, கிடைத்த மூலையில் வெட்டியது. இத்தனை காலமும் அந்த நீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தொட்டியாக் கட்டினால் என்ன?" என்று கேட்டவன் அந்தப் பையன். பொறியியல் படிக்கப் போகிறவன்; என்னிடம் தமிழ் படித்தவன். மேற்கு எல்லையிலே, வேலி நேர்கோட்டில், பாதி அங்கும் பாதி இங்குமாக. ஒரு தொட்டி என்றால் இரண்டு தொட்டிகளின் செலவு வராது. கல்லுடைக்கும் இயந்திரத்தையும் ஒரே வாடகையில் இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தலாம். பவுசருக்கும் ஒரே கூலி. பாத்தி பெரிதாகும். அக்கா கணக்கைக் கேட்டார். கடதாசியில் எழுதித் தரச் சொன்னார். உறுதியிலே எப்படி எழுதுவது, நாளைக்கு ஒரு வளவு விற்பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள். நொத்தாரிசு ஒருவரிடம் விசாரித்திருக்கிறேன்.

வேலியைப் பத்தடிக்கு வெட்ட வேண்டியிருக்கும். கிளுவையும் பூவரசுமாக அப்பாவின் தகப்பனார் நட்ட வேலி. அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். சாமியறைப் பிரச்சினைக்கு மூன்று கிழமை எடுத்தவர் இதற்கு எவ்வளவு எடுப்பார் என்று தெரியவில்லை. நேற்று மாலை மட்டும், வெட்டினால் பிறகு அந்த இடத்திலே படலை ஒன்று வைப்பீர்களோ, அல்லது திரும்ப அடைப்பீர்களோ என்று விசாரித்தார். அதை அந்த அக்காவோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றேன். கல்லுடைப்பவர் தை பதினைந்துக்குப் பின்னர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.